காதில் வைத்த கை

எண்பதுகளின் தொடக்கத்தில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கற்றுத் தருகிறவர்கள் எனக்குத் தெரிந்து கல்கத்தாவில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் சரியானவரைத் தேர்ந்தெடுக்க எனக்குத் துப்பில்லை. அனுபவித்தவன் என் தம்பி.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க். அவன் கப்பல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கப்பலைத் தவிர வேறு நினைப்பே கிடையாது அவனுக்கு. டாக்குரியா ஏரியில் சின்ன வயதிலிருந்தே நீந்துகிறவர்கள் நாங்கள். அங்கேதான் முதல் வாத்தியார் கிடைத்தார். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற வங்காளி. எல்லோருக்கும் அவர் 'தாதா', அதாவது அண்ணன்.

ஆறு வாரமாகியும் தாதா எங்களை மார்பளவு தண்ணீரைத் தாண்ட விடவில்லை. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து முகக் கண்ணாடியைக் கழற்று, மாட்டு, மறுபடி கழற்று. முதல் நாளே ஒரு சைகை கற்றுக்கொடுத்தார். கூட வருகிறவன் காதில் கையை வைத்தால் வலிக்கிறது என்று அர்த்தம். அவனை உடனே மேலே கூட்டிப் போய்விட வேண்டும். யாராவது மூக்கை உறிஞ்சினால் அன்று பாடம் இல்லை. தம்பிக்கு லேசில் ஜலதோஷம் பிடிக்கும். மூன்று ஞாயிறு தொடர்ந்து திருப்பி அனுப்பினார். எனக்கு வந்த கோபத்தில் சண்டைக்கே போய்விட்டேன். "சமுத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது" என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தார். இவ்வளவுக்கும் முடிவில் அவர் தருவது டைப் அடித்த ஒரு கடுதாசிதான்.

லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னார். தமிழர். டாலிகஞ்சில் ஒரு நீச்சல் குளத்தில் பத்தே நாளில் கற்றுத் தருவாராம். போட்டோ ஒட்டி, வெளிநாட்டு முத்திரை குத்திய அட்டையும் உண்டாம். அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து அடை சாப்பிட்டுவிட்டுப் போனதும் அம்மாவுக்குத் திருப்தி. "நம்ம மனுஷாடி. பாஷை புரியும், பயமில்லே." டாக்டர், தையல்காரர், ஜோசியர் எல்லோரையும் நாங்கள் அப்படித்தான் தேடுவோம். தண்ணீருக்கடியில் யாரும் தமிழ் பேச முடியாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தாதாவிடம் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டோம்.

அட்டை வந்தது. கிதர்ப்பூர் துறைமுகத்தில் கப்பலேறி வாத்தியாரோடு அந்தமான் போனோம். மேல்தளத்துக் காற்றில் நாலு நாள் நின்றதில் தம்பிக்குச் சளி பிடித்துக்கொண்டது.

"அக்கா, மூக்கு அடைச்சிண்டிருக்கு. இன்னிக்கு நான் வரலியே."

"நாலு நாள் கப்பல்ல வந்தது இதுக்காடா? மாத்திரையைப் போட்டுண்டு கிளம்பு."

வாத்தியாரும், "கொஞ்சம் வலிக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

இறங்கினோம். எனக்குக் கீழே பவழப்பாறை, அதைச் சுற்றி மஞ்சள் மீன்கள். திரும்பிப் பார்த்தேன். தம்பி எனக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் நின்றுவிட்டிருந்தான். அவன் கை காதில் இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பார்க்கவில்லை என்று நான் சொல்லவே முடியாது. வா, வா என்று கையாட்டினேன். அக்கா கூப்பிட்டாளே என்று வந்தான்.

செவிப்பறை கிழிந்து, சீழ் வைத்து, இடது காது பாதி போயிற்று. கப்பல் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். மின்விசிறித் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். அவனோடு படித்தவர்கள் துறைமுகம் துறைமுகமாகப் படத் தபால் அட்டை அனுப்பினார்கள். அவன் அவற்றை அலமாரிக் கதவில் வரிசையாக ஒட்டி வைத்தான்.

அடுத்த வருஷம் ஏரிக்கரையில் தாதாவைப் பார்த்தோம். நடந்ததைக் கேட்டார். வாத்தியாரைத் திட்டவில்லை, எங்களையும் திட்டவில்லை. தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "காதில் கை வைத்துக் காட்டவில்லையா நீ?"

தம்பி என்னைப் பார்க்கவில்லை.

"நா தாதா," என்றான் வங்காளியில், "புலே கேசிலாம்."

இல்லை அண்ணா, மறந்துபோய்விட்டேன்.

அன்றைக்கே அவர் முன்னால் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாதா தம்பியின் தோளில் தட்டி, சைகையை மறக்கலாமா என்று அவனைத்தான் கடிந்துகொண்டார்.