நரின் மருமகள்

குளிர்காலத்தில் பாதி நாள் மின்சாரம் போகும் நரின் நகரில் இருந்துகொண்டே வெளிநாட்டு வேலை. மாமியார் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்துச் சூடான மூலை. கடிதத்துக்கு லேசில் பதில் போடாத ஒரு மென்பொருள் நிறுவனத்திடமிருந்து திருத்தம். மூன்றையும் என் தங்கை பெரிசாத் சண்டை போடாமல் ஜெயித்தாள். நான் மூன்றுக்கும் சண்டை போட்டிருப்பேன்.

ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடிவிட்டு, அது உப்பும்வரை கணினி முன் உட்காருவாள். பத்திரிகைகளும் சங்கங்களும் இணையதளம் நடத்த ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளைப் போட்டுக்கொள்கின்றன. காட்டக் கூடாததை அது எங்கே காட்டிவிடுகிறது என்று தேடுவாள். கண்டால் அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு எழுதுவாள். அவர்கள் ஓட்டையை அடைக்கும்வரை வெளியே வாய் திறக்க மாட்டாள். அடைத்தபின் மறுபடி போய்ப் பார்ப்பாள். நான் கோட்டுக்குக் காலர் தைப்பவள், படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, சரிபார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிறர் தளத்தைத் தொடவே மாட்டாள். அதே மென்பொருளைத் தன் கணினியில் நிறுவி, ஒரு பொய்ப் பத்திரிகை நடத்துவாள். அதன் வாசகர் பட்டியல் முழுக்க மாமனாரின் ஆடுகளின் பெயர்கள்.

"கறுங்காதோட முகவரி வெளிய வந்துருச்சு அக்கா!" என்று நான் அங்கே போயிருந்த ஒருநாள் கத்தினாள்.

"ஊரான் வீட்டு ஜன்னல எட்டிப் பாக்குறதுக்குச் சம்பளம் வேறயா?" என்றார் மாமியார்.

"எட்டிப் பாக்கல அத்தே. தெறந்து கெடக்கு, சாத்துங்கன்னு சொல்றேன்."

அந்த முறை திறந்து கிடந்தது சாதாரண ஜன்னல் இல்லை. அடிபட்ட பெண்களுக்கு உதவும் எங்கள் ஊர்ச் சங்கமும் அதே மென்பொருளைத்தான் வைத்திருந்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் எழுதிய கடிதங்கள், பெயரோடும் முகவரியோடும், தளத்திடம் கேட்கும் விதம் தெரிந்த எவன் கைக்கும் கிடைக்கும். சங்கத்தாரிடம் சொல்லித் தளத்தை நிறுத்தி வைக்கச் செய்தாள். ஆனால் அந்த மென்பொருள் எத்தனையோ ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது.

"பேப்பர்ல போட்டுட்டா என்னடி?" என்று கேட்டேன்.

"இப்பப் போட்டா திருடனுக்கு வழி காட்டுன மாதிரி அக்கா. அவங்க முதல்ல அடைக்கட்டும்."

பலமுறை எழுதியபின் மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒரே வரி வந்தது: முழுப் பெயர் இல்லாத புகாரை எடுத்துக்கொள்வதில்லை.

அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணத்துக்குப் பின் பெரிசாத்தின் குடும்பப் பெயரே மாமனாரின் பெயர்தான். ஆகவே அலுவலகக் காகிதங்களில் கையெழுத்துக்குப் பதில் வெறும் சுழி போடுவாள். கடிதங்களில் 'நரின் மருமகள்' என்று முடிப்பாள். கெட்டிக்காரி, இந்த ஒன்றில் மட்டும் கல்லாய் நின்றாள்.

அன்று அவர்கள் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நான் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மாமியார் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வழக்கத்தில் அவர் இம்மி பிசகாதவர்; தன் மாமனார் பெயரை இன்றுவரை சொன்னதில்லை.

அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணுங்க பேரெல்லாம் தெருவுல கெடக்கு. நம்ம வீட்டுப் பேரு மட்டும் பெட்டிக்குள்ள இருக்கணுமாக்கும்? எழுதுடி."

"எழுத்துப் பிழை இல்லாம எழுதும்மா," என்றார் மாமனார். "ஆட்டுக்கெல்லாம் பேரு சரியாத்தானே போட்ட?"

பெரிசாத் கணினியை எடுத்துவந்து அங்கேயே கடிதத்தைத் தட்டினாள். உதடு இறுக மூடியிருந்தது. கடிதத்தை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, கணினியை மாமனார் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, வீடே கேட்கும்படி படித்தார்:

"பெரிசாத் எஸ்தெபெசோவா. நரின். 2022 நவம்பர் 9."