நிறையச் செத்திருந்தால் நல்லது

ஒரு காலையில் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று வேறொரு சட்டையை எடுத்தேன். அதையும் பூட்ட முடியவில்லை. உதவிக்கு வந்த என் மனைவி ஸ்டெல்லாவின் விரல் தாடைக்குக் கீழே நின்றது.

"இங்க கோலிக்குண்டாட்டம் என்னமோ உருளுதுங்க."

வலி இல்லை. வலி இல்லாததால் தள்ளிப்போட்டேன். அது எண்பதுகளின் நடுப்பகுதி. குடியிருப்பு மாரண்டஹள்ளியில், வேலை பாலக்கோட்டில், சர்க்கரை ஆலையின் எடைமேடையில். அரவைப் பருவம் முடிந்த பிறகுதான் பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்றார்கள் (நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் குவிந்துகொண்டே போவது). இந்தப் பெயரை இப்போதுதான் கேட்டுவிட்டு வந்திருப்பவர்கள் அடைப்புக்குறிக்குள் இருப்பதை இன்னொரு முறை படியுங்கள். எனக்கு அது விளங்க வெகுகாலம் ஆயிற்று.

எங்களைப் பார்த்த மருத்துவர் இளம்பெண். கோலார் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவருடைய அறையில் நுண்ணோக்கியின் மேல் ஒரு டிவி கேமராவைப் பொருத்திக் கணிப்பொறியோடு இணைத்திருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம் திரையில் தெரியும். சாகும் அணு சுருங்கும். அதன் உட்கரு (அணுவின் நடுப்பகுதி) கறுத்துத் துண்டுகளாக உடையும். அந்தக் கறுப்புத் துண்டுகளைத் தேடி எண்ணுவது கணிப்பொறியின் வேலை. அது சோதனையில் இருந்த காலம் என்பதால், இயந்திரம் எண்ணியதை அவர் பிறகு கண்ணாலும் சரிபார்ப்பார்.

"இந்த மாத்திரைக்கு அணுக்கள் செத்தா வீட்டுல இருந்தே தொடரலாம். சாகலைன்னா இங்க சேர்த்து ஊசி போடணும். அது உடம்பை ரொம்ப வாட்டும்," என்றார்.

"இவரு தாங்குவாருங்களா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

மருத்துவர் என் இதயத்துடிப்பின் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "மாத்திரைக்கே கேட்கணும்னு வேண்டிக்கங்கம்மா."

மாத்திரை தொடங்கியபின் பயணம் போக எனக்குத் தெம்பில்லை. பாலக்கோட்டில் ரத்தம் எடுத்து, குழாயை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக் கொடுத்தார்கள். ஸ்டெல்லா தனியாக பஸ் மாறிப் பெங்களூர் போய்க் கொடுத்து, முடிவு தெரியும்வரை காத்திருந்து திரும்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"நெறயா செத்திருக்குன்னு மெஷினு சொல்லுதுங்க. டாக்டரம்மா இன்னும் கண்ணால பாக்கோணுமாம். ஆனா நெறயாவாம்."

அன்று எங்கள் வீட்டில் கேசரி. மறுநாள் ஆலைத் தொலைபேசியில் மருத்துவர் கூப்பிட்டதாக அங்கிருந்து ஆள் வந்து சொன்னார். எப்படியாவது இருவரும் நேரில் வர வேண்டுமாம். ஆலையில் ஒரு காருக்கு ஏற்பாடு செய்தார்கள்.

மருத்துவர் திரையைக் காட்டினார். "பாருங்க, கெட்ட அணு மட்டும் இல்ல, நல்ல அணுவும் இதே மாதிரி செத்திருக்கு. மாத்திரை இப்படிப் பண்ணாது. எத்தனை செத்துச்சுன்னு மெஷினுக்குத் தெரியும், எதனாலன்னு தெரியாது. ரத்தத்தை எப்படிம்மா கொண்டு வந்தீங்க?"

"பிளாஸ்க்குலதாங்க," என்றாள் ஸ்டெல்லா. சற்றுப் பொறுத்து, "ராயக்கோட்டை வரைக்கும்," என்றாள்.

"அப்புறம்?"

"எடுத்து இடுப்புல செருகிக்கிட்டேங்க. வெடியக்காலக் குளுரு. இவரு ரத்தம் ஐஸ்ல கெடக்கோணுமான்னு இருந்துச்சு. எங்க வூட்டுல சாவியானாலும் நகையானாலும் இடுப்புலதாங்க வெப்போம். இங்க வந்து மறுக்கா பிளாஸ்க்குல போட்டுட்டேன்."

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உடம்புச் சூட்டுல ரத்தம் வழியிலேயே கெட்டுடும்மா. அதான் எல்லாம் செத்திருக்கு."

"மாத்திரை செய்யாத வேலைய நீ செஞ்சிட்டே," என்றேன்.

"நக்கலு பண்ணாதீங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. மாத்திரைக்குக் கேட்கிறதா இல்லையா என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

என் கையிலிருந்து அங்கேயே ரத்தம் எடுத்து உடனே தகட்டில் தடவினார்கள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கதவு திறந்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

முன்பு சொன்னதைவிட மிகக் குறைவாகவே செத்திருந்தன. "ஆனா நல்ல அணு அப்படியே இருக்கு. கெட்டது மட்டும்தான் சாகுது. என் கண்ணாலயும் பார்த்துட்டேன். மாத்திரையே போதும்," என்றார் மருத்துவர். சுருங்கி, திராட்சைக் கொத்துப்போல உடைந்த ஓர் அணுவைத் திரையில் காட்டினார். என் உடம்பில் நான் பார்த்த முதல் சாவு. பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒன்று சொல்வேன். ரத்தத்தை எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்களோ அப்படியே கொண்டுபோங்கள். ஏன் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

சாவு எப்போதோ ஒருநாள் வெளியிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது எல்லாருடைய உடம்புக்குள்ளும் ஓயாமல் நடக்கிறது. எனக்குள் அது நின்றுபோனதுதான் நோய். இது புரிந்த பிறகு வரப்போகும் நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். நடக்கிற நாள் போதுமானதாக இருக்கிறது.

தெம்பு வந்தபின் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போய்வந்தோம். ஒருமுறை முடிவை நான் மட்டும் உள்ளே போய்க் கேட்டு வந்தேன். பஸ் ஓசூரைத் தாண்டியதும் ஸ்டெல்லா சத்தமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, இன்னிக்கு நெறயா செத்துச்சுங்களா?"

முன் இருக்கைக்காரர் திகைத்துத் திரும்பினார்.

"நெறயாச் செத்திருக்கு," என்றேன்.

"சாவட்டும். அது சாவட்டும், நீங்க இருங்க," என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.