கால்மாட்டில் தோன்றிய பெருமான்

ஐங்கரனை நெஞ்சில் இருத்தி, அவன் இளவலின் வேலுக்கும் ஒரு வணக்கம் செலுத்தித் தொடங்குகிறேன். இன்று பங்குனி உத்திரம். மயிலையில் திருக்கல்யாண நன்னாள்.

சென்ற மாதம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய டிவியில் செருகினால் இணையத்தில் உள்ளதெல்லாம் தெரியுமாமே, அந்த ஸ்ட்ரீமிங் கருவி... வாங்கலாமா?" பாசுரத்தையும் பதிகத்தையும் பற்றி எழுதுகிறவனிடம் கேட்கும் கேள்வியா இது? ஒதுக்கி வைத்தேன். ஒதுக்கிய கேள்வி நேற்று முன்தினம் மேற்கு மாம்பலத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது.

என் அக்காவின் கணவருக்கு எண்பத்திரண்டு வயது. அத்திம்பேர் என்றே அழைத்துப் பழகியவன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். இரு வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு பொருத்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. படி இறங்குவதைப் பற்றி நினைக்கவே கூடாது என்பது மருத்துவர் கட்டளை.

மணமான ஆண்டிலிருந்து அறுபத்து மூவர் உலாவை அவர் தவறவிட்டதே இல்லை. பெருமானோடு அடியார்கள் அறுபத்து மூவரும் பல்லக்கேறி மாட வீதிகளில் வர, வெயிலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கும்பிடுவார். அறுவைச் சிகிச்சை மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அறுபத்து மூவர் என்னிக்கு?" பிறகு, "இந்த வருஷம் விட்டுப்போனா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். எண்பத்திரண்டு வயதில் அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை.

தி. நகருக்குப் போய் அந்தக் கருவியை வாங்கினேன். கட்டைவிரல் பருமன்தான். உலாவன்று பிற்பகல் அதை டிவியின் பின்புறம் செருகினேன். மகன் வெளிநாட்டிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதற்காகப் போட்டுக் கொடுத்த வைஃபை ஏற்கெனவே இருந்தது. ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி முடிப்பதற்குள் ஒரு பதிகம் ஓதி முடித்திருக்கலாம். ஒருவழியாக நேரலை வந்தது. மாட வீதியின் மக்கள் வெள்ளம்... அதன் நடுவே பெருமான்! என்னையறியாமல் கைகூப்பினேன்.

"அணைடா அதை," என்றார் அத்திம்பேர்.

"ஏன், படம் தெளிவா இல்லையா?"

"தெளிவாத்தான் இருக்கு. என் கால் எங்கே இருக்குன்னு பார்த்தியா?"

பார்த்தேன். டிவி கால்மாட்டுச் சுவரில் இருந்தது. பெருமான் எழுந்தருளியிருந்தது அவருடைய இரு பாதங்களுக்கும் நடுவே!

"ஸ்வாமிக்கு நேரா கால நீட்டிண்டு பார்க்கணுமா நான்?"

"டிவிதானே அத்திம்பேர்..."

"டிவிதான்னா நீ எதுக்குடா கைகூப்பிண்டு நிக்கறே?"

நாற்பது ஆண்டுகள் மேடையில் பேசிய நான், கூப்பிய கைகளை இறக்கினேன். அவர் கண்களை மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இமையோரம் ஈரம். காலை மடக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பாவம், என்ன செய்வார்?

"ஊருக்கெல்லாம் பக்தி எழுதறே. இது தோணலையாடா ஒனக்கு?" என்றாள் அக்கா.

கட்டிலைத் திருப்பலாமா? வடக்கே தலை வைக்க வேண்டிவரும் — ஆகாது. குறுக்கே போடலாமா? அறையில் அகலம் போதாது. மணியோ மூன்றேகால். உலா நகர்ந்துகொண்டிருந்தது.

டிவியையே பக்கச் சுவருக்கு மாற்றிவிடலாம் என்று, கீழே கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் கஃபூர் பாயை அழைத்தேன். என் வயதை நெருங்கியவர். மூச்சு வாங்க ஏறி வந்து, கட்டிலையும் டிவியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னா சாமி, இத்த காலைலயே யோசிக்க வாணாமா? கேபிள் ஒயரு செவுத்துக்குள்ளாற போவுது. அந்தாண்ட எட்டாது."

அக்காவின் முகம் வாடியது. பாய் டிவியின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அட, இந்தக் குச்சி மாட்டிக்கீது! அப்பறம் கேபிள் எதுக்கு? பிளக்கு கீது, வைஃபை கீது... எங்க வோணா வெச்சுக்கலாமே!"

அவர் திருகாணிகளைக் கழற்ற, நான் சாப்பாட்டு மேஜையை இழுத்தேன்.

"எச்சல் மேஜைடா அது!" அக்கா அலறினாள். முடிவில் அவளுடைய தையல் மெஷின்மீது கோலமிட்ட மணையைப் போட்டு, அத்திம்பேரின் வலக்கைப் பக்கம் டிவியைச் சுவரோடு சாய்த்து வைத்தோம்.

"இப்போ பாருங்கோ," என்றாள். மெல்லத் தலையைத் திருப்பினார். கண் திறந்தார். கைகள் தாமாகக் குவிந்தன.

அக்கா கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு ஓடிவந்து திரைமுன் உயர்த்தினாள். அந்தக் கணம் பார்த்துப் பெருமான் மறைந்தார். மெத்தை விளம்பரம் வந்தது. மெத்தைக்குக் கற்பூர ஆரத்தி!

"மாமி, மாமி! தள்ளிப் புடிங்க, ஸ்கிரீன் உருகிடும்!" என்று பாய் கத்தினார்.

"சிரிக்க வைக்காதேங்கோ, இடுப்பு வலிக்கறது," என்றார் அத்திம்பேர், சிரித்துக்கொண்டே. விளம்பரம் ஓய்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லக்குகள். அவர் உதடுகள் ஒவ்வொரு பெயராகச் சொல்லின. கடைசிப் பல்லக்கும் கடந்தபின் அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"வருஷா வருஷம் நாமதானே பஸ் பிடிச்சுண்டு போவோம்? இன்னிக்கு நம்ம ஆத்துக்கே வந்துட்டார் பார்."

இதில் வியப்பென்ன? உற்சவம் எதற்காக? கருவறைவரை வர இயலாதவரைத் தேடி இறைவன் தெருவுக்கு வருவதற்குத்தானே? தெருவுக்கு வந்தவருக்கு இரண்டு மாடி ஒரு தூரமா?

ஆகவே, வாசகரே... புதிய டிவி என்றால் இவ்வசதி பெரும்பாலும் அதிலேயே இருக்கும், தனியே வாங்காதீர்கள். இணையம் தடுமாறும் வீட்டுக்கும் அது வீண். நடக்க முடிந்தவர் இதை நம்பிக் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் வெளியே வர இயலாத ஒருவர் வீட்டில் இருந்தால், இன்றே வாங்குங்கள். செருகுவதற்கு முன், அவர் எப்பக்கம் கால் நீட்டியிருக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிப்போர் அனைவருக்கும் கோயில்வரை நடக்கும் கால்கள் நிலைக்கட்டும். அவை ஓயும் நாளில் இறைவன் தாமே படியேறி வரட்டும்.