திரும்பி ஓடிய ராஜா

பாபிலோனின் நாணயச் சாலையான அக்கசாலையில் பதினாறு வருடமாகக் காசுக்கு அச்சு வெட்டியவன் ரீமுத். மேதை என்று யாரும் சொன்னதில்லை. கை நடுங்காதவன், அவ்வளவுதான். தங்கக் காசில் எப்போதும் ஒரே உருவம்: வில்லும் ஈட்டியுமாக வலப்பக்கம் ஓடும் பாரசீக ராஜா. பழைய காசை ஈரக் களிமண்ணில் அழுத்தி, பதிந்த பள்ளத்தைப் பார்த்து அப்படியே அச்சில் வெட்டுவான். இடவலத்தைக் களிமண்ணே மாற்றிக் கொடுத்துவிடும். அவன் யோசிக்க வேண்டியதில்லை.

ஊர் கிரேக்கர் கைக்குப் போனது. புது மேலாளர் லிக்கோன் ராஜாவை அப்படியே விட்டு, பின்னால் ஓர் இலைமாலை மட்டும் சேர்த்து மெழுகுப் பலகையில் கீறிக் கொடுத்தார். ரீமுத் பழக்கதோஷத்தில் அதையும் பார்த்தபடியே வெட்டினான்.

நூறு காசு அடித்த பிறகு, பார்லி ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்த மனைவி இன்சப்து, ஈயத்தில் அடித்த மாதிரிக் காசை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இவரு ஏன் இந்தப் பக்கம் ஓடுறாரு? வீட்ல எதையாவது மறந்து வச்சுட்டாரா?"

ரீமுத் ரொட்டியை வைத்துவிட்டுக் காசை வாங்கிப் பார்த்தான். ராஜா இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். களிமண்ணைப் போல மெழுகுப் பலகை இடவலத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. வேலை போனால் அக்கசாலை கொடுத்த வீடும் போகும்.

"வாய மூடு."

"நான் மூடிக்கிறேன். காசு மூடுமா?"

அதற்குள் லிக்கோனும், எடை பார்க்கும் பாரசீகர் பகபாதனும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு காசை எடுத்து நெடுநேரம் பார்த்தார்கள். தன் படத்தைப் பாரசீகர்தான் திருத்தச் சொல்லியிருக்கிறார் என்று லிக்கோன் நினைத்தார். கிரேக்கர்தான் மாற்றியிருக்கிறார் என்று பகபாதன் நினைத்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள இருவருக்கும் கௌரவம் இடம் தரவில்லை.

"அரண்மனைக் களை சொட்டுது," என்றார் லிக்கோன்.

"உங்க ஊர் நயமும் தெரியுது," என்றார் பகபாதன்.

ரீமுத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது என் தப்பு."

"அடக்கத்தப் பாரு இவனுக்கு!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

மனம் உறுத்த, மறுவாரம் ராஜாவைச் சரியான பக்கம் ஓடவிட்டு வேறொரு அச்சு வெட்டிக் காட்டினான். எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அன்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"யாரக் கேட்டுடா ராஜாவத் திருப்புன?"

தன் பக்கம் உண்மை இருக்கிறது என்று நிரூபித்து வீட்டை இழக்கிறவர்கள் உண்டு. ரீமுத் அந்த ரகமில்லை. குனிந்து உளியை எடுத்துக்கொண்டான்.

"போன வாரம் மாதிரியே வெட்டிடறேன் ஐயா. எத்தன வேணும்?"