தராசில் குறைந்த ஒன்பது கிலோ

"ஏங் கண்ணு, ஆறாங்கிளாஸ் வந்துட்ட, இன்னும் உனக்கு எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியலையா?" என்று மாமா என்னைக் கேட்டபோது, நஞ்சன்கூடு கோயிலில் துலாபாரத் தராசைச் சுற்றி நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். கேட்டவர் அந்தத் தராசின் ஒரு தட்டில் சட்டையில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மறு தட்டில் வெல்லம் இருந்தது. எனக்கு எட்டும் தெரியும், ஒன்பதும் தெரியும். எங்கள் வீட்டில் அதைத் தெரிந்து வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வியை நினைத்தால் காது சூடாகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டினாள். அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு மூலையுமாக இருந்தோம். மாத்திரை அட்டை, பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது என் வேலை. அந்த வேலையை நான் கொஞ்சம் அதிகமான தோரணையோடுதான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. முதலில் கரடி மனை என்கிற குஸ்திக் கூடத்தில் மண்ணில் புரண்டு பழகினார். தசராக் குஸ்தியில் இரண்டு வருஷம் இரண்டாம் சுற்றோடு திரும்பி வந்தார். பிறகு ஒரு டயர் கடைக்கு மேலே பாக்ஸிங் சொல்லிக் கொடுக்கும் இடம் ஒன்று திறந்ததும் அங்கே போய்விட்டார். குத்துவதில் மனிதர் கெட்டிக்காரர். மாவட்டத்தில் ஜெயித்தார், மாநிலப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஆனால் அவருடைய எடைப் பிரிவில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வெண்கலத்துக்கு மேலே கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். மாமாவைத் தொழில்முறை ஆட்டக்காரராக ஆக்கப் போவதாகவும், அதுவும் ஹெவிவெயிட்டில் ஆட வைக்கப் போவதாகவும் சொன்னார். ஹெவிவெயிட் என்றால் தொண்ணூறு கிலோவைத் தாண்ட வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. காலையில் எட்டு முட்டை. எனக்கு இருந்த ஒரு முட்டை பாதியாகி, அப்புறம் வியாழக்கிழமை மட்டும் என்றானது. வாழைப்பழத் தார் ஆணியில் தொங்கும். நான் அதை எண்ணிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று, "பாருக்கா, தோள் ஏறியிருக்கல்வா?" என்பார். அம்மா ஊதுபத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏறியிருக்குதுடா" என்பாள்.

ஒரு வருஷத்தில் நாலு ஆட்டம் ஆடினார். மூன்றில் ஜெயித்தார். அதன்பின் தென்னிந்திய ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஆட்டம் என்று போஸ்டர் வந்தது, மாமாவின் முகத்தோடு. அம்மா அந்தப் போஸ்டரைத் தொட்டுக் கும்பிட்டு, தம்பி ஜெயித்தால் நஞ்சன்கூட்டில் அவன் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஆறு சுற்று ஆட்டம். எதிராளி பெரிய ஆள், நாலாவது சுற்றிலேயே மூச்சு வாங்கிவிட்டான் என்று சொன்னார்கள். மாமா புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பித்தளை பதித்த பெல்ட்டோடு வீட்டுக்கு வந்தார். வாய் வீங்கி நாலு நாள் ராகிக் கஞ்சிதான் குடித்தார். அந்த நாலு நாளும் எனக்கு முழு முட்டை கிடைத்தது.

வேண்டுதலை நிறைவேற்ற மாமாவின் எடை தெரிய வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் எடை பார்த்து எழுதிக் கொடுத்த மஞ்சள் அட்டை அலமாரியில் கிடந்தது. நான் எடுத்து வாசித்தேன். தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு. கீழே மேனேஜரின் கையெழுத்து. பத்துக் கிலோப் பெட்டி ஒன்பது, உதிரியாக இரண்டு கிலோ அச்சு வெல்லம் என்று கணக்குப் போட்டு அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா பீடியை அணைத்துவிட்டு, "அவ்வளவு எதுக்கு? அவன் எம்பது இருப்பான். மிஞ்சினா எம்பத்திரண்டு" என்றார்.

"கார்டுல போட்டிருக்குப்பா."

"நான் தினமும் தொண்ணூறு கிலோ மூட்டையைத்தான் தூக்கறேன் கண்ணு. அது வேற சைசு."

"இது மெஷின்ல பார்த்தது. கண்ணால பார்த்துச் சொன்னது இல்ல" என்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, படிச்சவ சொல்ற" என்று எழுந்து போனார். மாலையில் ஒன்பது பெட்டியும் ஒரு பையும் வந்து இறங்கின. அன்று நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன் என்றால், பெட்டிகளின் மேல் சாக்பீஸால் ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதி வைத்தேன்.

அன்றிரவு பாக்ஸிங் இடத்திலேயே தங்கிவிட்ட மாமா அந்தப் பெட்டிகளைப் பார்த்தது மறுநாள் காலை பஸ்ஸில்தான். கண்டக்டர், மதுவெயா என்று கேட்டார், கல்யாணச் சாமான் என்று நினைத்து. மாமா எண்ணிப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா இத்தனை?" என்றார்.

"நீ அத்தனை இருக்கியே" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் உடம்பு காய்கிற மாதிரி இருக்கிறது, வேண்டுதலை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா என்றார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சும்மா இரு" என்றாள். நஞ்சன்கூட்டில் இறங்கியதும் நேராக ஓட்டலுக்குப் போய்ப் பத்து இட்லி சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். ஜெயித்த பிறகும் இந்த மனிதனுக்குத் தீனி அடங்கவில்லையே என்று எனக்கு அலுப்பாக வந்தது.

கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு தட்டில் ஏறப் பார்த்தார். அர்ச்சகர் பையை வாங்கிக் கீழே வைத்தார். பெல்ட்டையாவது வைத்துக்கொள்கிறேன், சாமிக்குக் காட்ட வேண்டும் என்று மாமா கெஞ்சினார். அதற்குச் சரி என்றார்கள். பித்தளை பெல்ட்டை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து வெல்லத்தை அடுக்கினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது பெட்டி முடிந்ததும் தட்டு அசைந்தது. ஒன்பதாவதில் நாலே அரைக்கிலோ அச்சு வைத்தார். மாமா மேலே போய்விட்டார்.

"சாக்கு, சாக்கு" என்று கன்னடத்தில், போதும் எனக் கை காட்டினார் அர்ச்சகர்.

போதாது என்றேன் நான். இன்னும் ஒன்பது கிலோ குறைகிறது, எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்றேன். அர்ச்சகர் சிரித்தார். தராசு தப்பு என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். நான் அவள் கையைத் தள்ளிவிட்டு, அந்தரத்தில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் கேட்டேன்: "நீங்க சொல்லுங்க மாமா, கார்டுல தொண்ணூத்தொண்ணுதானே?"

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதோடு நிற்காமல், "எம்பத்தொண்ணு புள்ளி நாலுக்கா. இவ எட்டை ஒன்பதுன்னு படிச்சிருக்கா" என்று அம்மாவிடம் விளக்கமும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தமிழ் புரியாதவர்களுக்கு யாரோ கன்னடத்தில் எடுத்துச் சொன்னதால் இரண்டாம் தடவையும் சிரித்தார்கள். கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டு போகக்கூடாது என்று அம்மா மிச்ச வெல்லத்தை அங்கேயே எல்லோருக்கும் கொடுத்தாள். கொடுக்க நிறுத்தியது என்னைத்தான். என்னிடம் வெல்லம் வாங்கிய ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தட்டி, சென்னாகி ஓது மகளே என்று நன்றாகப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா காலிப் பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசவாவது செய்திருப்பேன்.

மறுநாள் அலமாரியில் அந்த அட்டையைக் காணோம். மாமா ஓடப் போன நேரத்தில் அவருடைய பையைத் திறந்தேன். வியர்வை நாற்றம் மூக்கில் அறைந்தது. கிளவுஸை எடுத்தேன், ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தேன். அதற்குக் கீழே அரையடி அகலத்தில் இரண்டு துணிப்பட்டைகள் இருந்தன. தொடையில் சுற்றிக் கட்டுகிற மாதிரி நாடா வைத்து, வரிவரியாகத் தைத்து, உள்ளே சைக்கிள் பால்ரஸ் இரும்புக் குண்டுகளை நிரப்பியிருந்தார்கள். ஒன்றைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. வழியை அடைத்துக்கொண்டு இருக்கிறதே என்று சலித்துக்கொண்டே இரண்டையும் வெளியே தள்ளினேன். அடியில் மஞ்சள் அட்டை இருந்தது. தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு. என் ஒன்பது அப்படியே இருந்தது.

அம்மாவிடம் ஓடினேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் காலண்டரைக் கழற்றி வந்து, ஒன்பதாம் தேதியையும் எட்டாம் தேதியையும் அட்டையோடு வைத்துக் காட்டினேன். அம்மா ஊதுபத்தி மாவு ஒட்டிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒன்பதுதான்" என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. "அப்போ மெஷின்ல தொண்ணூத்தொண்ணு, சாமி முன்னாடி எம்பத்தி சொச்சம். ஒன்பது கிலோ பாரத்தைச் சாமி எடுத்துக்கிச்சு கண்ணு. நம்ம கஷ்டம் தெரிஞ்சு எடுத்துக்கிச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். மதியத்துக்குள் சந்து முழுக்க அந்த அற்புதம் பரவியது. நான் சரியாகப் படித்தேன் என்ற செய்தியை மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாமா வந்ததும் அட்டையை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். அவர் அதைப் பிடுங்கவில்லை. மெதுவாக வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, நீதான் ஜெயிச்ச. வா" என்று ஓட்டலுக்குக் கூட்டிப்போய் மசாலா தோசை வாங்கிக் கொடுத்தார். இன்னொன்று வேண்டும் என்றேன். அதையும் வாங்கிக் கொடுத்தார். அவர் எதுவும் சாப்பிடாமல் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தோடு விஷயம் முடிந்தது.

அதற்குப் பிறகு மாமா இரண்டு ஆட்டம்தான் ஆடினார். முதலாவதில் விலா எலும்பில் கீறல் விழுந்தும் எப்படியோ பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்தில் எதிரே நின்றவனுக்கு நூற்றெட்டுக் கிலோ. மூன்றாவது சுற்றில் மாமா விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். இடது கண்ணில் அன்றிலிருந்து பாதிதான் தெரிகிறது. மேனேஜர் அதன்பின் மாமாவின் போனை எடுக்கவில்லை.

நான் பட்டப்படிப்பில் சேர்ந்த வருஷம் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படிவத்தில் எடை என்று ஒரு கட்டம் இருந்தது. நர்ஸ் அவரை மெஷினில் ஏற்றினார். எண்பது. மாமா அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார். "நான் எப்பவும் இதான் கண்ணு. தின்னு தின்னு பார்த்தேன், ஏறவே இல்ல" என்றார். வரிசையில் உட்கார்ந்து மீதியையும் சொன்னார். எடை பார்ப்பது ஓட்டல் வரவேற்பறையில், டிராக் பேண்ட்டைக்கூடக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் நாலு லிட்டர், வாழைப்பழம் ஒரு சீப்பு, மீதி இரும்பு. பட்டைகளைத் தைத்துக் கொடுத்ததே மேனேஜர்தான். "அவரு, ஹெவிவெயிட்டுல போட்டிக்கு ஆளே இல்லேன்னாரு. என் எடையில இருந்தா நான் காலம்பூரா வெண்கலம்தான்."

அங்கேயும் நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னை ஏன் முட்டாளாக்குனீங்க?"

"நீ ஒன்பதுன்னு அந்தக் கத்து கத்துன. நான் தட்டுல உக்காந்துட்டு வேற என்ன சொல்லட்டும்?"

இப்போது யோசித்தால் எரிச்சல் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அப்பாவின் தோளுக்குத் தெரிந்திருந்தது. தராசு நாற்பது பேருக்கு முன்னால் காட்டியது. இரும்பை நானே இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தேன். என் ஒன்பது சரி என்று ஊருக்குக் காட்டுவதிலேயே குறியாக இருந்த எனக்கு, அந்த ஒன்பது சரியென்றால் மாமா தன்னைவிட முப்பது கிலோ கூடுதலான ஆட்களின் முன்னால் போய் நிற்கிறார் என்பது தோன்றவே இல்லை. அட்டையை ஜெயித்துவிட்டு இரண்டு தோசை தின்றேன்.

நான் உடற்கல்வியில் பட்டம் வாங்கினேன். போன வருஷம் குத்துச்சண்டை நடுவர்களுக்கான தேர்வு எழுதித் தேறினேன். போன ஞாயிற்றுக்கிழமை பெண்கள் போட்டியில் எடை பார்க்கும் மேஜையை முதல்முறையாக எனக்குக் கொடுத்தார்கள். எண்பத்தொரு கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் ஒரு பெண் ஜெர்கினோடு ஏறி நின்றாள். எண்பத்தொன்று புள்ளி ஆறு காட்டியது. அவளுடைய பயிற்சியாளர், எழுதுங்க மேடம், நேரமாகுது என்றார். நான் பேனாவை மூடினேன். பயிற்சியாளரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறும்மா என்றேன்.