கிரீடக் கொக்கின் கால்கள்

மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசையின் வாடை, சட்டியை இறக்கி வைத்த பிறகும் எங்கள் தாயில்பட்டி வீட்டுச் சுவரை விட்டுப் போகாது. எலியும் பூச்சியும் கடிக்காமலிருக்கத்தான் அந்தத் துத்தம். அந்தப் பசையை வைத்து அம்மா பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதத்தில் வெடிக்குழாய் உருட்டுவாள். ஒன்பதாம் வகுப்பு படித்த என் அக்கா முத்துமாரி காகிதப் பறவை செய்வாள்.

நம்மூர்ப் பறவைகள் அல்ல. வெளிநாட்டு ஆர்டருக்கு அடித்து, வண்ணம் விலகியதால் சிவகாசி அச்சகம் ஒன்று கழித்துவிட்ட காலண்டர், குழாய் உருட்ட வரும் "வேஸ்ட் சீட்டு"க் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. மாதத்துக்கு ஒரு பறவைப் படம், எல்லாம் ஒரே அளவில் இருந்ததால், நிஜத்தில் கட்டைவிரல் பருமனே இருக்கும் சிட்டையும் அக்கா கொக்குக்குச் சமமாகச் செய்து நிறுத்தினாள். சிவப்புக்குப் புஸ்வாண லேபிள், நீலத்துக்குக் கண்ணன் படம் அச்சான கழிவுத்தாள். "சாமி மேலயா கத்திரி வைக்கே?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தபிறகு, சாமியை விட்டுவிட்டு ஓரத்து நீலத்தை மட்டும் வெட்டினாள்.

அவற்றில் ராஜா, கிரீடம் வைத்த ஆப்பிரிக்கக் கொக்கு. சணலைப் பிரித்துக் கிரீடம். வெடிக்குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கால்கள். அது விழாமல் நின்ற அன்று பத்து வயதுக்காரியான எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் அதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, உருட்டிய குழாய்களைக் கம்பெனிக்கு லோடு ஏற்ற வந்த ஏஜென்டிடம் நீட்டினேன்.

அந்த மனுஷன் பறவையைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் போட்டு, ஒட்டிய இடங்களை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இம்புட்டு நறுவிசா ஒட்டுற பிள்ளைய பள்ளிக்கூடத்துல போட்டு என்ன செய்யப் போறீக? பேன்ஸி வெடி ரகத்துக்கு இந்தக் கைதான் வேணும். அனுப்பி வையிங்க" என்றார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழகாக ஒன்றைச் செய்துவிட்ட குற்றத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்பைப் பிடுங்குவார்களா?

"தீபாவளி சீசன் முடியட்டும், பெறகு பள்ளிக்கூடம் போகட்டும்" என்று அம்மாவும் அப்பாவும் பேசி முடித்தார்கள். "பரீட்சைய மட்டும் எழுதிட்டு வாரேம்மா" என்று அக்கா அழுதது யார் காதிலும் ஏறவில்லை. தீபாவளி போனால் கல்யாண ஆர்டர், அது போனால் கோயில் கொடை ஆர்டர், அதற்குள் அடுத்த தீபாவளி வந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் சீசன் முடிந்து நான் பார்த்ததே இல்லை. பெற்றவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். வறுமை என்று சொல்லி அதை ஆற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

அக்கா வேலைக்குப் போன இரண்டாவது வாரம், லோடில் குழாய் குறைகிறது என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்துபோய், கொக்கின் கால்களை உருவி, பசையைத் துடைத்து, குழாய்க் கட்டுக்குள் செருகினாள். அந்த வருஷம் யார் வீட்டு வாசலிலோ அவை வெடித்திருக்கும். மற்ற பறவைகள் எப்போது போயின என்று எனக்கு ஞாபகமில்லை. இப்போது ஒன்றுகூட இல்லை, அந்தக் காலண்டரும் இல்லை. நான் படித்து விருதுநகரில் ஆசிரியை ஆனேன். அக்கா இன்னும் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறாள்.

போன ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலில் நானும் அக்காவும் அந்த ஏஜென்டைப் பார்த்தோம். கிழவராகிவிட்டார். "ஒங்க அக்காவுக்கு மொதல்ல வேலை வாங்கிக் குடுத்ததே நான்தானே!" என்று கூட்டத்துக்கு நடுவே என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஆமா மாமா, சாப்பிட்டீகளா?" என்று விசாரித்து அனுப்பிவைத்தாள்.

பஸ்ஸில் ஏறியதும், "அந்தாள்கிட்ட உனக்கு என்னக்கா மரியாதை?" என்று வெடித்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்:

"அவரு கெடக்காரு. வேண்டாம் வேண்டாம்னு நான் கத்துனேன்லடி, நீ ஏன் அதைத் தெருவுக்குத் தூக்கிட்டுப் போனே?"