சோழப் படையின் கடைசி மூட்டை

விநாயகமூர்த்தியின் வீட்டுக்கு முதல்முறை போனவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "என்ன, ஊருக்குக் கெளம்பிட்டீங்களா?" ரங்கூன் பசுந்தாங்கில் நாலாம் மாடி வீடு, பஸ் போனால் ஜன்னல் அதிரும். கதவைத் திறந்ததும் செருப்பு விடுகிற இடத்தில், சுவரோரமாக, கனத்த பருத்தித் துணியில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெரிய மூட்டை இருக்கும். பக்கத்தில் மூங்கில் கழிகள் ஒரு கட்டு. மழைக்காலம், வெயில்காலம், தீபாவளி, தண்ணீர்த் திருவிழா, எப்போது போனாலும் அது அங்கேயேதான் கிடக்கும். அவன் மனைவி சாந்தி அதன்மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடி வைப்பாள். மூடினால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்று நான் ஒருமுறை சொன்னதற்கு ரொம்ப நாள் என்னோடு பேசாமல் இருந்தாள்.

அது ஊருக்குப் போகிற மூட்டை இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய போருக்குப் போகிற மூட்டை. சிரிக்காதீர்கள், நானும் அந்தப் போரில் இருந்தவன்தான்.

ஊருக்கு வெளியே மாவ்பியில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் நல்லையா அண்ணன் ஆரம்பித்த கூத்து அது. சோழர் கப்பல் இந்தக் கரைக்கு வந்ததா என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். வந்த கப்பலில் தானும் இருந்ததுபோலப் பேசுவார். பொங்கல் முடிந்ததும், அறுவடையான அவர் வயலில், ரங்கூன் தமிழர்கள் இருபது முப்பது பேர் கூடாரம் போட்டுத் தங்குவோம். பாதிப் பேர் சோழப் படை, பாதிப் பேர் எதிரிப் படை. மரவாள், பிரம்புக் கேடயம், மண்சட்டியில் சமையல். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு வந்த எதுவும் முகாமுக்குள் நுழையக்கூடாது. செல்போன் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, குழம்பில் மிளகாய்கூடக் கிடையாது. மிளகாய் அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துக் கடல் தாண்டி வந்ததாம், மிளகுதான் போடவேண்டும். பபேடானில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என்னையே கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். எதிரிப் படையில் நான் வருஷா வருஷம் தோற்றதற்கு அதுதான் காரணம்.

மூட்டைக்குக் காரணம் 'புறப்பாடு' என்று நாங்கள் வைத்திருந்த ஒரு வழக்கம். வருஷத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்கூட்டிச் சொல்லாமல், "படை புறப்படுகிறது" என்று நல்லையா அண்ணனிடமிருந்து செய்தி வரும். போட்டது போட்டபடி சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாவ்பி பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடவேண்டும். ஒரு பொருளும் குறையாமல் முதலில் வந்து சேர்கிறவனுக்கு அடுத்த முகாமில் புலிக்கொடி பிடிக்கும் உரிமை. ஒரு வருஷம் மூர்த்திதான் முதலில் வந்தான். பிரித்துப் பார்த்தால் கூடாரத்துக்குக் கழி இல்லை. பஸ் ஸ்டாப் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவன் மூட்டையை அவிழ்த்து வைத்ததே இல்லை. முகாம் முடிந்து வந்த கையோடு எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துத் திரும்பக் கட்டிவிடுவான். பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சா உருண்டைகூடப் போடமாட்டான், அது அந்தக் காலத்தில் இல்லையாம். வேப்பிலைதான். கொடியையும் அதற்கப்புறம் வாங்கிவிட்டான், அதை மறுப்பதற்கில்லை.

மற்றபடி மூர்த்தி வாயில்லாப் பூச்சி. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. யாராவது குரலை உயர்த்தினால் ஒதுங்கிப் போய்விடுவான். முகாமில் மட்டும் வேறு ஆள்; கொடியைப் பிடித்துக்கொண்டு அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் ஓடின. அந்தக் கோலத்தில் எடுத்த படம் ஒன்று எப்படியோ அவன் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. மையால் வரைந்த மீசை, தார்பாய்ச்சிய வேட்டி, தொப்பைக்குமேல் தோல் கச்சை. அவன் உள்ளே நுழைந்தால் போதும், மொத்த ஆபீசும் எழுந்து நின்று மன்னருக்குக் கும்பிடு போடுமாம். மனுஷன் சுருண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு மூட்டையைப் பற்றி யார் கேட்டாலும் "ஊருக்குப் போற சாமான்" என்பான். சாந்தியும் அதையே சொல்லப் பழகிக்கொண்டாள்.

பிறகு கொரோனா நோய் வந்தது. அதன் பின்னால் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது, நாடே தலைகீழானது. வயலில் கூடாரம் போட்டு ஆம்பிளைகள் வாளோடு கூடுவதாவது! அது மரவாளா என்று பக்கத்தில் வந்து தட்டிப் பார்த்தா கேட்பார்கள்? நல்லையா அண்ணன் தன் கூடாரத் துணியை வெங்காயத்துக்குப் போட்டு மூடினார். என் கேடயத்தில் என் மனைவி வற்றல் காயவைத்தாள். மூர்த்தி மட்டும் மூட்டையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். "செய்தி வந்தா என்னடா பண்றது?" என்பான். "எந்தச் செய்திடா வரும், கிறுக்கா?" என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

மூர்த்தி வீட்டுக்குக் கீழே, மூன்றாம் மாடியில் மார்த்தா குடியிருந்தாள். புருஷன் போன பிறகு தையல் மிஷினை வைத்துக்கொண்டு மகன் சைமனை ஆளாக்கியவள். சைமனுக்கு இருபத்துமூன்று வயது, செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. வாலிபப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கும் சட்டம் நடைமுறைக்கு வருகிறது என்று அறிவித்தபோது, ஆண்பிள்ளை இருந்த வீடெல்லாம் வெலவெலத்துப் போயின. பாஸ்போர்ட்டுக்குக் கூட்டம், எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்கிறவர்கள் ஒரு கூட்டம். இரண்டு பையும் ஒரு பாயுமாக யாராவது மாடி இறங்கினால், எங்கே என்று கேட்காமல் வழிவிடுவோம்.

அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம், தண்ணீர் மோட்டார் விஷயமாக மார்த்தா மேலே ஏறி வந்தாள். மூர்த்தி மூட்டையைப் பிரித்து உதறி, புது வேப்பிலை போட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றுச் சுருள், கோரைப்பாய், தண்ணீருக்குச் சுரைக்குடுவை, அவல் பை, மண்சட்டி எல்லாம் தரையில் கிடந்தன. வாளையும் கேடயத்தையும் மட்டும், காலடிச் சத்தம் கேட்டதுமே, சாந்தி கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மார்த்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, நீங்களும் கெளம்புறீங்களா?" குரலை இறக்கிக் கேட்டாள்.

மூர்த்தி கோரைப்பாயை எடுத்துச் சுருட்டினான்.

"காட்டு வழியா? மியாவாடி எல்லைப் பக்கமா?"

"அது... இன்னும் முடிவாகல தங்கச்சி."

"மத்தவங்கள்லாம் லபேயே கடையில டீயக் குடிச்சுக்கிட்டு உக்காந்து வாயால பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க எத்தன வருஷமா தயாரா இருக்கீங்க! எனக்கு இப்பத்தான் புரியுது." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மவனையும் கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே. முன்னப்பின்ன தெரியாதவன நம்பி அனுப்பப் பயமா இருக்கு. உங்கள மாதிரி தைரியமான ஆளுகூடன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

மூர்த்தியைத் தைரியமான ஆள் என்று அதுவரை எவரும் சொன்னதில்லை. பெற்ற தாய்கூடச் சொல்லியிருக்கமாட்டாள். இது விளையாட்டுச் சாமான் தங்கச்சி, நான் வயலில் வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு கத்துகிறவன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்ததாம். ஆபீசில் எழுந்து நின்று கும்பிட்ட முகங்கள் கண்முன்னால் வந்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னான். "வழி சரியானதும் சொல்றேன்" என்றான். மார்த்தா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மார்த்தா வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் ஊற்றிய கௌஸ்வே நூடுல்ஸ் ஒரு கிண்ணம் மேலே வரும். மூர்த்தி அதைச் சாப்பிட்டான். தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்கிறான். இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் அடுத்த வாரமும் எப்படிச் சாப்பிட்டான்? மார்த்தா அவன் மூட்டையைப் பார்த்து, அதே மாதிரிக் கனத்த துணியில் சைமனுக்கு ஒரு பை தைத்தாள். மாடிப்படியில் மூர்த்தியைப் பார்த்தால் சைமன் ஓரமாக நின்று தலையைக் குனிவான், அவ்வளவு மரியாதை.

"ஏங்க, பாவங்க அவ. உண்மையச் சொல்லிருங்க" என்றாள் சாந்தி.

"நாளைக்குச் சொல்றேன்."

"அப்ப நான் போய்ச் சொல்லட்டா?"

"என்னன்னு சொல்லுவே? எம்புருஷன் கோமாளின்னா?" என்று அவன் கத்தினான். சாந்தி அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அதைச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு மார்த்தா மறுபடியும் மேலே வந்தாள், இந்தத் தடவை மூச்சிரைக்க. மோல்மேனில் இருக்கும் அவள் கொழுந்தனார் செய்தி அனுப்பியிருந்தார். கோயில்காரர்களுக்குத் தெரிந்த ஒரு ஆள் நாலைந்து பிள்ளைகளை வண்டியில் எல்லைவரை கூட்டிக்கொண்டு போகிறான், நம்பகமானவன், வியாழக்கிழமை புறப்பாடு, ஒரு இடம் இருக்கிறது.

"அனுப்பட்டுமாண்ணே, இல்ல உங்ககூடவே வரட்டுமா? நீங்க சொல்றதுதான் எனக்கு."

இதைவிட நல்ல சந்தர்ப்பத்தைக் கடவுளே இறங்கி வந்தாலும் கொடுத்திருக்க முடியாது. "அனுப்பு" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அனுப்பு என்றால், நீங்கள் எப்போது போகிறீர்கள் என்பாள். போகவில்லை என்றால், அப்புறம் இந்த மூட்டை எதற்கு என்பாள். அதுவரைக்கும் யோசித்துவிட்டான் மனுஷன். வியாழக்கிழமைக்குள் எப்படியும் சொல்லிவிடலாம் என்று நினைத்தானாம். முகத்தை ரொம்பக் கனமாக வைத்துக்கொண்டு, "எதையும் யோசிச்சுச் செய் தங்கச்சி" என்றான்.

அவன் சொன்ன தோரணையில் அவள் அதை 'வேண்டாம்' என்றுதான் எடுத்துக்கொண்டாள். யார்தான் வேறுமாதிரி எடுத்துக்கொள்வார்கள்? அந்த வண்டி சைமன் இல்லாமல் போனது. அதில் போன பிள்ளைகள் இப்போது தாய்லாந்தில் ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்களாம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதத்தில், பேட்டையை நிர்வகிக்கிற யக்குவெ ஆபீசில் பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்தார்கள். சைமன் பெயர் வந்தது. கூட்டிப் போக வந்த காலையில், அம்மா தைத்துக் கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கி வந்தான். பை வேண்டாம், அங்கே எல்லாம் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மார்த்தா தெருவில் அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி திரும்பிப் போன பிறகும் நின்றாள். மூர்த்தி நாலாம் மாடியில், கொடியில் காய்ந்த துணிகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வரவில்லை. ஆபீசுக்கும் போகவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் என் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பர்மாக்கார அம்மாளின் முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டினான். அதற்கு முந்தின நாள் மார்த்தா அவன் வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள்.

"என்ன சொன்னாடா?" என்றேன், திட்டித் தீர்த்திருப்பாள் என்று நினைத்து.

"மன்னிப்புக் கேட்டாடா." அவன் உதடு கோணிக்கொண்டு போனது. "எங்களுக்காகக் காத்திருந்துதானே உங்க பயணமும் கெட்டுப்போச்சு, நீங்களாச்சும் கெளம்புங்கண்ணேன்னு சொல்றாடா. வழியில சாப்பிடச் சொல்லி முறுக்கு சுட்டுக் கொண்டாந்து வெச்சிருக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அறையவில்லை. கடையைச் சாத்தினேன். "வா, போய்ச் சொல்லு. இன்னைக்கே சொல்லு" என்று பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். நேரே அவன் வீட்டுக்குத்தான் ஏறினோம். மூட்டையை அவன் தூக்கிக்கொண்டான். கழிக்கட்டும் வாளும் கேடயமும் என் கையில். இரண்டு கிழட்டுச் சிப்பாய்கள் ஒரு மாடி இறங்கினோம்.

மார்த்தா மிஷினில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும், "கெளம்பிட்டீங்களாண்ணே?" என்று எழுந்தாள்.

மூர்த்தி தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்தான். கூடாரம், பாய், சட்டி, மிளகுப் பொட்டலம், புலிக்கொடி. நான் வாளையும் கேடயத்தையும் பக்கத்தில் வைத்தேன். பிறகு அவன் சொன்னான். நல்லையா அண்ணன் வயல், பொங்கல் முகாம், வரைந்த மீசை, ஆபீசில் போட்ட கும்பிடு, ஒன்றையும் விடவில்லை. நான் எங்கேயும் போறதா இல்ல தங்கச்சி, எப்பவுமே இல்ல, வெட்கத்துல சொல்லாம இருந்துட்டேன் என்றபோது அவன் குரல் கேட்கவே இல்லை. நான்தான் அதைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. என் வாயால் அதைச் சொன்னபோது எனக்கும் உடம்பு கூசியது.

மார்த்தா வாளை எடுத்தாள். விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"மரமா?"

"மரந்தான்" என்றான் மூர்த்தி.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். வாளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இத அன்னைக்கே காட்டியிருந்தீங்கன்னா நான் சிரிச்சிருப்பேண்ணே" என்றாள். "அவ்வளவுதான். சிரிச்சிட்டு, எம்புள்ளய வியாழக்கெழம வண்டியில ஏத்தி விட்டிருப்பேன்."